வீடு திரும்பும் நாள்: அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய படுக்கை வாசத்தின் வரலாறு

குடலிறக்கம் என்பது வயிற்றுச் சுவரின் வலுவிழந்த இடத்தின் வழியே குடலின் ஒரு பகுதி வெளியே பிதுங்கும் நோய். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ இந்நோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் இரண்டு முதல் மூன்று வாரம் வரை மருத்துவமனைக் கட்டிலிலேயே கிடப்பது வழக்கமாக இருந்தது. இன்று அதே சிகிச்சைக்குக் காலையில் வருபவர் பெரும்பாலும் மாலையிலோ மறுநாளோ வீடு திரும்பிவிடுகிறார். இந்த மாற்றத்துக்கு மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் நுண்துளைக் கருவிகளும்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மையே. நோயாளி வீட்டுக்குப் போகும் நாளைப் புண் ஆறும் வேகம் மட்டும் தீர்மானித்ததில்லை. நன்கொடையாளர் வகுத்த விதி, ஓய்வைப் பற்றிய நம்பிக்கை, போர்க்காலப் படுக்கைத் தட்டுப்பாடு, மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும் முறை என ஒவ்வொரு காலத்திலும் வெவ்வேறு சக்திகள் அந்த நாளைக் குறித்தன. மருத்துவமனையில் குறைக்கப்பட்ட நாட்கள் மறைந்தும் போகவில்லை. அந்நாட்களின் வேலை தாயின், துணைவரின், வீடு தேடி வரும் செவிலியரின், குடும்ப மருத்துவரின் கைக்கு மாறியது. அப்படிக் கைமாறும் வேலையை ஏற்க ஆள் ஏற்பாடாகியிருந்த இடங்களில் நாட்குறைப்பு நிலைத்தது என்பதும், ஏற்பாடில்லாத இடங்களில் அது நோயாளிக்கே தீங்காயிற்று என்பதும் இந்த வரலாறு திரும்பத் திரும்பக் காட்டும் உண்மை.

நன்கொடையாளரின் சீட்டு

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டனில் தோன்றிய பொது மருத்துவமனைகள் பெரும்பாலும் செல்வந்தர் தரும் ஆண்டுச் சந்தாவில் நடந்த அறநிலையங்கள். 1729-ல் எடின்பரோவில் தொடங்கப்பட்ட மருத்துவமனையும் அதைப் பின்பற்றி மாகாண நகரங்களில் எழுந்த பல மருத்துவமனைகளும் இவ்வகையைச் சேர்ந்தவை. சந்தா கட்டியவர் எழுதிக் கொடுக்கும் பரிந்துரைச் சீட்டு இருந்தால்தான் ஏழை நோயாளிக்கு இடம் கிடைத்தது. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் சேர்ப்பதும் அனுப்புவதும் நடந்தன. பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே குணமானவர், ஓரளவு தேறியவர், தீராதவர், ஒழுங்கு மீறியதால் அனுப்பப்பட்டவர், தாமே கேட்டுச் சென்றவர், இறந்தவர் என்னும் வகைகளுள் ஒன்று எழுதப்பட்டது. அந்தக் கணக்கு ஆண்டறிக்கையில் அச்சேறி, கொடுத்த பணம் வீண் போகவில்லை என்பதற்குச் சான்றாகச் சந்தாதாரர்களிடம் சென்றது. பல மருத்துவமனைகளில் குணமாகிச் செல்பவர் தேவாலயத்திலும் சீட்டுக் கொடுத்தவரிடத்திலும் நன்றி தெரிவிக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. ஆகவே வெளியேறும் நாள் என்பது அன்று மருத்துவ முடிவாக இருந்த அளவுக்கு நிர்வாகக் கணக்கின் முடிவாகவும் இருந்தது. வெளியேறியவர் எங்கே போகிறார், அங்கே அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் உண்டா என்பது பதிவேட்டின் எந்தப் பத்தியிலும் இடம்பெறவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவமனையே ஆபத்தான இடம் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1846-ல் ஈதர் மயக்கம் அறிமுகமானபின் அறுவைச் சிகிச்சைகள் பெருகின. புண்ணில் சீழ் வைத்து இறப்போர் எண்ணிக்கையோ குறையவில்லை. எடின்பரோ மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் கை கால் நீக்கும் அறுவைச் சிகிச்சைகளின் விவரங்களை நாடெங்கிலுமிருந்து திரட்டி 1869-ல் வெளியிட்டபோது, பெரிய மருத்துவமனைகளில் ஏறத்தாழ 10 பேருக்கு 4 பேர் இறந்ததும், கிராமப்புறங்களில் வீட்டிலேயே அதே சிகிச்சை பெற்றோரில் ஏறத்தாழ 10 பேருக்கு ஒருவரே இறந்ததும் தெரியவந்தன. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் மருத்துவமனைகள் குறித்து எழுதிய நூலின் 1863-ஆம் ஆண்டுப் பதிப்பில், சிகிச்சைக்கு இன்றியமையாத காலத்துக்கு மேல் ஒரு நாள்கூட நோயாளி மருத்துவமனையில் தங்கலாகாது என்று வாதிட்டார். கூடவே, வேலைக்குத் திரும்பும் வலிமை இன்னும் வராதவருக்காக ஒவ்வொரு மருத்துவமனையும் உடல் தேறும் இல்லம் ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். சீக்கிரம் அனுப்புவதையும் அனுப்பும் இடத்தை ஆயத்தப்படுத்துவதையும் ஒரே மூச்சில் கேட்ட இந்த வாதம், பின்னாளில் வெளியேற்றத் திட்டமிடல் என்று அறியப்பட்ட துறையின் முழு வடிவத்தையும் முன்கூட்டியே சுட்டியது.

உடல் தேறும் இல்லம் என்பது நகரத்துக்கு வெளியே, நல்ல காற்றும் சத்துள்ள உணவும் கிடைக்கும் இடத்தில், அறுவைச் சிகிச்சை முடிந்தவரைச் சில வாரம் வைத்துப் பேணும் விடுதி. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனைக்காக விம்பிள்டனில் 1869-ல் திறக்கப்பட்ட அட்கின்சன் மோர்லி இல்லம் இவற்றுள் புகழ்பெற்றது. 1895-ல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்பவர் அல்மனர் பதவியில் அமர்த்தப்பட்டார். இலவசச் சிகிச்சைக்குத் தகுதியுள்ளவர் யார் என விசாரித்துச் செலவைக் கட்டுப்படுத்துவதே அவருக்கு முதலில் இடப்பட்ட வேலை என்றாலும், நோயாளியின் வீட்டு நிலையைக் கேட்டறிந்து உதவி அமைப்புகளோடு இணைத்துவிடுவது நாளடைவில் அப்பதவியின் மையப் பணியாயிற்று. அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரிச்சர்ட் கேபட் என்னும் மருத்துவர் 1905-ல் சமூகப் பணியாளர்களைப் பணியில் சேர்த்ததும், அவர்களுள் ஐடா கேனன் பல்லாண்டு அப்பணியை வளர்த்ததும் இதே வழியில் நடந்தவை.

ஓய்வு என்னும் மருந்து

நைட்டிங்கேல் கேட்டதற்கு நேர் எதிராக, அடுத்த அரை நூற்றாண்டில் படுக்கை நாட்கள் கூடவே செய்தன. ஜோசப் லிஸ்டர் 1867-ல் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு புண்ணில் கிருமி நீக்கும் முறையை வெளியிட்டபின், அதுவரை பெரும்பாலும் தொடத் துணியாத வயிற்றறையை அறுவை மருத்துவர்கள் திறக்கத் தொடங்கினர். புண் சீழ் வைக்காமல் ஆறியது. ஆனால் வயிற்றுத் தசையை இணைத்த தையல் பிரிந்துவிடும் என்ற அச்சம் எஞ்சியது. ஆட்டுக் குடலிலிருந்து திரிக்கப்பட்ட, உடலுக்குள் தானே கரையும் நூல் எத்தனை நாள் பிடித்து நிற்கும் என்பதை உறுதியாகச் சொல்ல முடியாத காலத்தில், நோயாளியை அசையாமல் கிடத்துவதே பாதுகாப்பாகத் தோன்றியது.

இந்த அச்சத்துக்குப் பின்னால் ஒரு கோட்பாடும் நின்றது. லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன் 1860-களின் தொடக்கத்தில் ஆற்றிய சொற்பொழிவுகள் ஓய்வையும் வலியையும் பற்றிய நூலாக வெளிவந்து பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடமாயின. வலி என்பது ஓய்வு வேண்டும் என்று உடல் விடும் அறிவிப்பு என அந்நூல் கற்பித்தது. லிவர்பூலில் எலும்பு முறிவுக்கும் மூட்டு நோய்க்கும் மருத்துவம் பார்த்த ஹியூ ஓவன் தாமஸ், கட்டாயமான, இடையறாத, நீண்ட ஓய்வை வலியுறுத்தி, அதற்கென்றே தாங்கு சட்டங்களையும் வடிவமைத்தார். தொடை எலும்பு முறிவுக்கு அவர் அமைத்த சட்டம் முதல் உலகப் போரில் ஏராளமான உயிர்களைக் காத்தது. முறிந்த எலும்புக்குப் பொருந்திய உண்மை, முறிவே இல்லாத வயிற்றுக்கும் மார்புக்கும் பொதுவிதியாக நீட்டப்பட்டதுதான் சிக்கல். குடல்வால் எடுத்தவர் பத்து நாளுக்குக் குறையாமலும், குடலிறக்கம் சரிசெய்துகொண்டவர் அதற்கு மேலும் படுத்துக் கிடந்தனர். மலமும் சிறுநீரும் கட்டிலிலேயே. உணவு பல நாள் நீராகாரம். கட்டிலிலிருந்து முதன்முதலாக எழும் நாளில் நோயாளி மயங்கி விழுவதைக் கண்டவர்கள், அது அறுவைச் சிகிச்சையின் விளைவு என்றே எண்ணினர். படுக்கையின் விளைவாக இருக்கலாம் என்பது தோன்றவில்லை.

ஐயம் எழுப்பியவர்களும் இருந்தனர். சிகாகோவின் மகளிர் நோய் மருத்துவர் எமில் ரீஸ், அறுவைச் சிகிச்சை முடிந்த ஓரிரு நாட்களிலேயே பெண்களை எழுந்து நடக்கவிட்டு, அவர்கள் விரைவில் தேறியதை 1899-ல் எழுதினார். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்து ஹெர்மன் கியூமல் போன்றோர் அடுத்த பத்தாண்டில் இதே கருத்தை முன்வைத்தனர். நெடுநாள் படுத்திருப்போரின் கால் சிரைகளில் இரத்தம் உறைவதும், அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் தேறிக்கொண்டிருந்த நோயாளி நொடியில் இறப்பதும் அன்றைய அறுவைக் கூடங்கள் நன்கறிந்த துயரம். எழுந்து நடப்பது அதைக் குறைக்கும் என்பது இவர்கள் வாதம். ஆனால் தையல் பிரிந்தால் பழி மருத்துவர் மேல் விழும், நுரையீரல் அடைத்தால் அது விதியின் மேல் போடப்படும் என்னும் நிலையில், எழுப்பிவிடும் துணிவு பலருக்கு வரவில்லை.

கிளாஸ்கோவின் தாய்மார்கள்

இந்தக் காலத்தின் நடுவே, படுக்கையையே நாடாத ஒரு பெரிய முயற்சி ஸ்காட்லாந்தில் நடந்தது. ஜேம்ஸ் நிக்கோல் கிளாஸ்கோ குழந்தைகள் மருத்துவமனையின் புறநோயாளர் மருந்தகத்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர். 1899 முதல் 1908 வரையான பத்தாண்டில் அங்கே செய்யப்பட்ட 8,988 அறுவைச் சிகிச்சைகளைப் பற்றி அவர் 1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் விளக்கினார். உதட்டுப் பிளவு, அன்னப் பிளவு, குடலிறக்கம், வளைந்த பாதம், காதுக்குப் பின்னுள்ள எலும்பில் சீழ் எனப் பலவகை நோய்கள் அவற்றில் அடங்கும். குழந்தைகள் கட்டில் எதிலும் சேர்க்கப்படாமல், சிகிச்சை முடிந்ததும் தாயின் கையில் ஒப்படைக்கப்பட்டனர்.

நிக்கோலின் வாதம் இரண்டு கால்களில் நின்றது. முதலாவது குழந்தையின் இயல்பு பற்றியது: வயிற்றில் கட்டுப் போட்ட சிசுவை அறிமுகமில்லாத கூடத்தில் அழவிட்டு அசையாதே என்று கட்டிவைப்பதைவிட, தாயின் மடியில் பால் குடித்து உறங்கவிடுவதே உண்மையான ஓய்வு என்றார் அவர். இரண்டாவது செலவு பற்றியது: உள்நோயாளர் பிரிவில் கிடைக்கும் அதே பலன் அதன் பத்தில் ஒரு பங்குச் செலவில் கிடைக்கும்போது, படுக்கைகளைக் குழந்தைகளால் நிரப்புவது நன்கொடைப் பணத்தை வீணாக்குவதே என்றார். பிற்காலத்தவர் பெரிதும் மேற்கோள் காட்டியது இந்த இரண்டாவது பகுதியையே.

எனினும் அவருடைய வெற்றி வேறோர் ஏற்பாட்டில் தங்கியிருந்தது. சிகிச்சை முடிந்த குழந்தைகளை மருத்துவமனைச் செவிலியர் வீடு தேடிச் சென்று பார்த்தனர். கட்டு மாற்றுவதும், காய்ச்சல் கண்டால் மருத்துவருக்குத் தெரிவிப்பதும் அவர்கள் பொறுப்பு. வீட்டில் இடமோ வசதியோ இல்லாத தாய்மார்கள் கைக்குழந்தையுடன் தங்குவதற்கு மருந்தகத்துக்கு அருகில் ஒரு சிறு வீட்டையும் நிக்கோல் ஏற்பாடு செய்தார். கிளாஸ்கோவின் தொழிலாளர் குடியிருப்புகளில் ஒரே அறையில் பெரிய குடும்பம் வாழ்ந்த காலம் அது. எல்லா வீட்டுக்கும் ஒரே விதியைப் பொருத்தாமல், வீட்டுக்கு அனுப்பலாமா என்பதை வீட்டைப் பார்த்தே முடிவு செய்தது நிக்கோலின் முறை. இன்று வெளியேற்றத் திட்டமிடலின் முதல் படியாகக் கருதப்படும் வீட்டு நிலை மதிப்பீட்டை அது அன்றே செய்தது. அவரது அறிக்கை மதிக்கப்பட்டதே தவிர, பின்பற்றப்படவில்லை. பெரும்பாலான மருத்துவமனைகளில் குழந்தைகள் அடுத்த நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு வாரக்கணக்கில் தாயைப் பிரிந்து கிடந்தனர்.

போர் தந்த துணிவு

படுக்கை ஓய்வின் மேல் இருந்த நம்பிக்கை உடைந்தது 1940-களில்தான். 1930-களின் இறுதியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் குடல்வால் எடுக்கப்பட்ட நோயாளி ஒருவர் பிடிவாதமாக மறுநாளே எழுந்து வீட்டுக்குச் சென்று நன்கு தேறியதைக் கண்ட டேனியல் லெய்ட்ஹவுசர், தம் நோயாளிகளை எல்லாம் விரைவில் எழுப்பி நடக்கவிடத் தொடங்கினார். 1941-ல் கட்டுரையாகவும் 1946-ல் நூலாகவும் அந்த அனுபவத்தை வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் செவிலியரும் கட்டில்களும் பற்றாக்குறையானதால், விருப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பல மருத்துவமனைகள் நோயாளிகளைச் சீக்கிரம் எழுப்பவேண்டி வந்தது. அஞ்சியபடி தையல்கள் பிரியவில்லை என்பதை அந்தக் கட்டாயமே மெய்ப்பித்தது. 1944-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ், ஓய்வை அளவுமீறிப் பயன்படுத்துவதன் தீமைகளை இதய நோய், மகப்பேறு, அறுவைச் சிகிச்சை, எலும்பியல், மனநோய் எனத் துறைவாரியாக விவாதித்த கட்டுரைத் தொகுதியை வெளியிட்டது. 1945-ல் டொராண்டோவில் எட்வர்ட் எர்ல் ஷோல்டைஸ் குடலிறக்கத்துக்கென்றே தனி மருத்துவமனை தொடங்கி, நோயாளிகளை உடனே நடக்கவைப்பதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆக்கினார்.

லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1947 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை இந்த மாற்றத்தின் முத்திரையாக அமைந்தது. சளி கட்டும் நுரையீரல், உறையும் இரத்தம், அழுந்திப் புண்ணாகும் தோல், சுண்ணாம்புச் சத்தை இழக்கும் எலும்பு, கல் சேரும் சிறுநீரகம், இறுகும் மலம், தளரும் மனம் என்று உறுப்பு உறுப்பாகப் படுக்கையின் தீமைகளை அங்கதத்தோடு அடுக்கிய அவர், நோயாளியைக் கிடத்துவது மருத்துவர்களும் செவிலியரும் தம் வசதிக்காகப் பேணும் பழக்கம் என்பதையும் மறைக்காமல் காட்டினார். அதன்பின் ஓய்வு என்பது இயல்பான நிலை என்ற எண்ணம் மாறி, அளவும் காரணமும் சொல்லித் தரவேண்டிய ஒன்றாயிற்று.

ஒரு நாளில் முடியும் சிகிச்சை

எழுந்து நடக்கலாம் என்றால், நடந்து வீட்டுக்கே போகலாமா என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் சூ சிட்டி நகரக் கடைவீதியில் ரால்ஃப் வாட்டர்ஸ் நடத்திய மயக்க மருந்து நிலையம் பற்றி அவர் 1919-ல் எழுதியிருந்தார். பல் பிடுங்குதல் போன்ற சிறு சிகிச்சைகளுக்கு வந்தவர்கள் சற்றே படுத்து மயக்கம் தெளிந்ததும் வீடு திரும்பினர். பெரியவர்களின் குடலிறக்கத்துக்கு இதைத் துணிந்து விரித்தவர் எடின்பரோவின் எரிக் ஃபார்குவர்சன். 485 பேருக்குப் பகுதி மயக்க மருந்தில் குடலிறக்கத்தைச் சரிசெய்து அன்றே வீட்டுக்கு அனுப்பிய அனுபவத்தை 1955-ல் லான்செட் இதழில் அவர் எழுதினார். கட்டில் கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போனதே அவரை இவ்வழிக்குத் தள்ளியது. இங்கும் குடும்ப மருத்துவரும், பகுதிச் செவிலியர் என்று அழைக்கப்பட்ட, வீடு வீடாகச் செல்லும் அரசுச் செவிலியரும் துணை நின்றனர். 1948-ல் தொடங்கிய தேசிய நலவாழ்வுச் சேவை அந்த வலையை ஏற்கெனவே நெய்து வைத்திருந்தது. 1970 பிப்ரவரியில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் வாலஸ் ரீட், ஜான் ஃபோர்ட் என்னும் இரு மயக்க மருந்தியலாளர்கள் எந்த மருத்துவமனையோடும் ஒட்டாத பகல்நேர அறுவை நிலையத்தைத் திறந்தனர்.

வந்த நாளிலேயே அனுப்புவதென்றால், அனுப்பத் தகுந்த நிலை எது என்பதற்கு அளவுகோல் வேண்டும். அன்டோனியோ ஆல்ட்ரெட் 1970-ல் வகுத்த மதிப்பெண் முறை கைகால் அசைவு, மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு, உடல் நிறம் ஆகிய ஐந்துக்கும் தலா 2 வரை மதிப்பெண் தந்து, 9-க்குக் குறையாதவரை மயக்கம் தெளியும் அறையிலிருந்து வார்டுக்கு அனுப்பலாம் என்றது. வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதற்கான அளவுகோலை டொராண்டோவின் ஃபிரான்சஸ் சங் 1990-களில் உருவாக்கினார். நாடியும் இரத்த அழுத்தமும், நடை, குமட்டல், வலி, இரத்தக் கசிவு என்பவை அதன் கூறுகள். நீர் குடித்ததும் சிறுநீர் கழித்ததும் எல்லோருக்கும் கட்டாய நிபந்தனைகளாக இருந்த வழக்கம், தேவையின்றிப் பலரைக் காத்திருக்க வைத்ததால் பின்னர் தளர்த்தப்பட்டது. மருத்துவரின் மனக்கணக்கில் இருந்த முடிவு இவ்வாறு செவிலியர் சரிபார்க்கக்கூடிய பட்டியலாயிற்று.

இந்த மாற்றத்தில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. கண்புரை அறுவை ஒருகாலத்தில் தலையின் இருபுறமும் மணல் மூட்டை வைத்து, கண் இரண்டையும் கட்டி, நோயாளியை நாள்கணக்கில் அசையாமல் கிடத்தும் சிகிச்சையாக இருந்தது. சிறு கீறலும் தையலில்லாத முறையும் உள்விழி லென்ஸும் பரவியபின் அந்தக் கட்டாயம் தீர்ந்தது. 1976-ல் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராம முகாமில் தேர்ந்தெடுத்தவர்களைப் பேருந்தில் அழைத்து வந்து, உணவும் இடமும் தந்து, சிகிச்சைக்குப் பின் ஊருக்கே கொண்டுவிட்டு, பிறகு அங்கேயே கண்ணைச் சோதிக்கும் முறையை வளர்த்தது. கண்புரையால் பார்வை இழந்த ஏழை முதியவருக்கு மதுரை வரை போய்த் திரும்பும் பயணமே சிகிச்சையைவிடப் பெரிய தடை என்பதை உணர்ந்து, போக்கும் வரவும் மறுபரிசோதனையும் ஒரே திட்டமாகக் கோக்கப்பட்டதால்தான் குறுகிய தங்கல் அங்கே பாதுகாப்பானதாயிற்று.

பணம் குறித்த நாள்

1980-களில் நாளைக் குறிக்கும் அதிகாரம் பணம் கொடுப்போரின் கைக்குச் சென்றது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடாகிய மெடிகேர், மருத்துவமனை செய்த செலவை அப்படியே ஈடுசெய்து வந்ததால், நோயாளி தங்கும் ஒவ்வொரு நாளும் வருவாயாக இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்சன் ஆகியோர் நோய்களையும் சிகிச்சைகளையும் ஏறத்தாழ 470 தொகுதிகளாக வகுத்திருந்தனர். 1983 அக்டோபர் முதல் மெடிகேர் தொகுதிக்கு இன்ன தொகை என்று முன்கூட்டியே நிர்ணயித்துக் கொடுக்கத் தொடங்கியது. அன்றே கணக்கு தலைகீழானது: தங்கும் நாள் ஒவ்வொன்றும் இனி மருத்துவமனைக்குச் செலவு. படுக்கை நாட்கள் சரிந்தன.

சரிவின் விலை விரைவில் தெரிந்தது. ராண்ட் ஆய்வு நிறுவனம் இடுப்பெலும்பு முறிவு உட்பட ஐந்து நோய்நிலைகளை ஆராய்ந்து 1990-ல் வெளியிட்ட முடிவுகளின்படி, மருத்துவமனைக்குள் நடந்த சிகிச்சையின் தரம் குறையவில்லை. ஆனால் உடல்நிலை சீராகாமலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டோரின் பங்கு, வீட்டுக்குச் சென்றோருள் 10 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்திருந்தது. அப்படி அனுப்பப்பட்டவர்கள் அடுத்த 90 நாட்களில் இறக்கும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது. வெளியேற்றத் திட்டமிடலை மருத்துவமனைகளின் கடமையாக ஆக்கும் சட்ட ஏற்பாடு 1986-ல் வந்ததற்கு இத்தகைய அச்சமே பின்னணி. 2012 அக்டோபர் முதல், வெளியேறிய 30 நாட்களுக்குள் எதிர்பார்ப்புக்கு மேல் நோயாளிகள் மீண்டும் சேர்க்கப்படும் மருத்துவமனைகளுக்குத் தொகை குறைக்கப்பட்டது. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவைகளும் பின்னர் அப்பட்டியலில் சேர்ந்தன. சீக்கிரம் அனுப்பியதற்கு மறைமுகமாகப் பரிசு தந்த அதே அமைப்பு, ஏற்பாடின்றி அனுப்பியதற்குத் தண்டம் விதிக்க நேர்ந்தது.

பிரிட்டனில் சிக்கல் எதிர்ப்புறத்திலிருந்து வந்தது. இடுப்பு முறிவு அறுவை முடிந்து தேறிய முதியவர், வீட்டில் உதவியாளரோ முதியோர் இல்லத்தில் இடமோ கிடைக்காததால் வார்டிலேயே காத்திருக்க, அடுத்த நோயாளியின் அறுவை தள்ளிப்போனது. மருத்துவச் சிகிச்சை ஓர் அமைப்பின் பொறுப்பாகவும் வீட்டு உதவி உள்ளாட்சியின் பொறுப்பாகவும் பிரிந்து கிடந்ததே இதன் வேர். 2003-ல் இயற்றப்பட்ட சட்டம், தன் ஏற்பாட்டுக் குறைவால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் உள்ளாட்சி மருத்துவமனைக்கு 100 பவுண்டு, லண்டன் போன்ற இடங்களில் 120 பவுண்டு செலுத்த வேண்டும் என்றது. தண்டம் கவனத்தைத் திருப்பியதே ஒழிய, உதவியாளர்களை உருவாக்கித் தரவில்லை.

சேர்க்கைக்கு முன்பே தொடங்கும் வெளியேற்றம்

1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் கேள்வியையே மாற்றிக் கேட்டார். பெருங்குடலின் ஒரு பகுதியை நீக்கிக்கொண்ட நோயாளி இன்னும் ஏன் மருத்துவமனையில் இருக்கிறார் என்பதே அவர் கேள்வி. வலி, குமட்டல், குடல் இயங்காமை, களைப்பு, குழாய்கள், பழக்கம் என்று விடைகளைப் பிரித்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மாற்று கண்டார். முதுகுத்தண்டருகே மெல்லிய குழாய் வழியாக மருந்து செலுத்தி வலியை அடக்கினால் குடலை மந்தமாக்கும் அபின் வகை மருந்து குறைவாகத் தேவைப்படும். மூக்குக் குழாயும் வடிகுழாயும் வழக்கத்துக்காக வைக்கப்படாவிட்டால் நோயாளி நடக்க முடியும். அறுவை நாளிலேயே உணவு தொடங்கினால் குடல் விரைவில் இயங்கும். இம்முறையில் முதிய நோயாளிகள் சிலர் நுண்துளை வழிப் பெருங்குடல் அறுவைக்குப் பின் பெரும்பாலும் இரண்டே நாளில் வீடு திரும்பியதை அவருடைய குழு 1995-ல் அறிவித்தபோது, அன்றைய வழக்கம் ஒரு வாரத்துக்கும் மேல். 2001-ல் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் சிலர் இதைப் பரப்ப ஆய்வுக் குழு அமைத்தனர். ஈராஸ் என்ற பெயரில் அது இன்று பல நாடுகளில் வழிகாட்டு நெறிகளை வெளியிடும் சங்கமாக வளர்ந்துள்ளது.

ஆனால் நெறிகள் மட்டும் போதவில்லை. ஐந்து ஐரோப்பிய மையங்களில் பெருங்குடல் அறுவை செய்துகொண்டோரை ஆராய்ந்து 2007-ல் வெளியான ஆய்வு, உண்ணவும் நடக்கவும் மாத்திரையாலேயே வலியைத் தாங்கவும் நோயாளிகள் நடுமட்டக் கணக்கில் மூன்றாம் நாளே தகுதி பெற்றதையும், வீட்டுக்குச் சென்றதோ ஐந்தாம் நாள் என்பதையும் காட்டியது. இடைப்பட்ட இரண்டு நாளில் உடல் கேட்டது எதுவுமில்லை; முடிவு எடுக்கவும் வீட்டு ஏற்பாடு செய்யவும் ஆகும் காலமே அது. இந்த இடைவெளியை அடைக்கும் வேலைதான் இன்றைய வெளியேற்றத் திட்டமிடல். அறுவைக்கு நாள் குறிக்கும் முன்னோடிச் சந்திப்பிலேயே எதிர்பார்க்கப்படும் வெளியேற்ற நாள் எழுதப்படுகிறது; வீட்டில் யார் இருக்கிறார், மாடிப்படி உண்டா, கழிப்பறை எவ்வகை, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியை யார் போடுவார், எந்த அறிகுறி கண்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பவை அப்போதே கேட்டும் சொல்லியும் முடிக்கப்படுகின்றன; மருந்துகளும் வெளியேற்றச் சுருக்கமும் முந்தைய நாளே ஆயத்தமாகின்றன. நிக்கோலின் செவிலியரும் ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் அல்மனரும் தனித்தனியே செய்த வேலைகள் இங்கே ஒரு தாளில் ஒன்றுசேர்ந்துள்ளன.

இந்தியாவில் இந்தத் தாளின் பெரும்பகுதியை எழுதாமலேயே நிரப்பி வந்தது குடும்பம். கட்டிலருகே தரையில் பாய் விரித்துப் படுக்கும் உறவினர், உணவு ஊட்டி, நடக்கப் பிடித்து, மருந்து வாங்கிவந்து, வீட்டிலும் அதையே தொடர்ந்ததால், வெளியேற்றம் பெரும்பாலும் வாய்மொழி அறிவுரையோடும் ஒரு சுருக்கத் தாளோடும் முடிந்தது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 24 மணிநேரத் தங்கலை நிபந்தனையாக வைத்துத் தொடங்கி, பின்னர் ஒரு நாள் சிகிச்சைகளுக்கு விலக்குப் பட்டியல் சேர்த்ததால், இங்கும் தங்கும் நாள் பணத்தின் விதியோடு பிணைந்தே நகர்ந்தது. பிள்ளைகள் வெளியூரில் வாழ, முதிய இணையர் தனித்திருக்கும் வீடுகள் பெருகும்போது, குடும்பம் உண்டு என்ற ஊகத்தின் மேல் குறிக்கப்படும் வெளியேற்ற நாள் பொருளிழக்கிறது.

இருநூறு ஆண்டுகளில் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய தங்கல் வாரங்களிலிருந்து மணிக்கணக்குக்குச் சுருங்கியது. சுருக்கியவர்கள் பலர், நிலைக்கச் செய்தவர்கள் குறைவு. நைட்டிங்கேலும் நிக்கோலும் ஃபார்குவர்சனும் கெலெட்டும் முன்வைத்த ஏற்பாடுகளை ஒப்பிட்டால், நாட்களைக் குறைக்கும் உரிமையை அவர்கள் ஒவ்வொருவரும் குறைத்த நாட்களுக்குப் பொறுப்பேற்பதன் மூலமே பெற்றது தெரிகிறது. செலவுக் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பொறுப்பை விட்டுவிட்ட இடங்களில், மறுசேர்க்கை, தண்டம், நோயாளியின் துன்பம் என்னும் வடிவங்களில் அது திரும்பி வந்தது. வெளியேற்றம் குறித்த எந்தப் புதிய கொள்கையையும் எத்தனை நாள் மிச்சமாகும் என்பதை வைத்து மட்டும் எடைபோடாமல், மிச்சமான நாட்களில் நோயாளியை யார் பார்த்துக்கொள்வார் என்று அது பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறதா என்பதை வைத்தும் எடைபோட வேண்டும்.